பரீட்சை இல்லாத பள்ளியும் சாயங்கால டியூஷனும்

பேத்தியைப் பரீட்சை இல்லாத பள்ளியில் சேர்க்கலாமா என்று மகனும் மருமகளும் இரண்டு மாதமாகப் பேசுகிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊரில் இந்த வகைப் பள்ளிக்கு ஆசிரமப் பள்ளிதான் முன்னோடி. உலகப் போருக்குப் பயந்து பக்தர்கள் பலர் குடும்பத்தோடு இங்கே வந்து தங்க, அந்தப் பிள்ளைகளுக்காக அன்னை 1943 டிசம்பர் 2 அன்று அதை ஆரம்பித்தார். பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சில். பெற்றோர் வாழ்ந்த வாழ்க்கையும் பிள்ளை படித்த படிப்பும் அங்கே ஒன்றாக இருந்தன. சான்றிதழைக் கொண்டுபோய் யாரிடம் காட்ட வேண்டும்?

நோணாங்குப்பத்தில் நம் கதை அப்படியா? மகன் மாதச் சம்பளக்காரன். மகள் பன்னிரண்டாவது முடித்ததும் நீட் எழுத வேண்டும், சென்டாக்கில் இடம் கிடைக்க வேண்டும் என்று இப்போதே கணக்குப் போடுகிறான். அதே வாயால் சுதந்திரக் கல்வி என்றும் சொல்கிறான். அந்த வகைப் பள்ளிகளை நான் குறை சொல்லவில்லை. அவை செய்வதை ஒளிக்காமல்தான் சொல்கின்றன. என் சண்டை பெற்றோரோடு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் எட்டாவது வரை பையனை அப்படி ஒரு பள்ளியில் விட்டது. பிறகு பயம் பிடித்து, ஒன்பதாவதுக்கு ஒரு மெட்ரிக் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளியது. மண்ணும் மரமுமாக வளர்ந்தவனுக்கு வாரம் ஒரு டெஸ்ட், இரண்டு டியூஷன். ஒரு வருஷம் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவன் செய்த தப்பு என்ன?

பயம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. பதினாலு வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதலாம். ஆனால் அதைச் சேர்க்கும்போதே யோசித்து வைக்க வேண்டும், பாதி வழியில் அல்ல.

அரவிந்தர் 1910-இல், புதுச்சேரிக்கு வந்த அதே வருஷம், கல்கத்தாவில் வெளியான 'கர்மயோகின்' பத்திரிகையில் கல்வியைப் பற்றி எழுதினார். பெற்றோர் தாங்கள் விரும்பிய உருவத்தில் பிள்ளையைத் தட்டிச் செதுக்க நினைப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது அதில் ஒரு கருத்து. டாக்டர் உருவம் மட்டும்தான் உருவமா? "என் பிள்ளை பரீட்சையே எழுதாமல் வளர்ந்தது" என்று பெருமை பேச ஆசைப்படுவதும் தட்டுவதுதான்.

நான் சொன்னது இது. நம்பிக்கை இருந்தால் சேருங்கள், கடைசி வரை நில்லுங்கள். இல்லையென்றால் பக்கத்து அரசுப் பள்ளியில் போடுங்கள், அங்கேயும் இப்போது சி.பி.எஸ்.இ.தான். பள்ளி விட்டு வந்த பிறகு பிள்ளையைச் சும்மா விடுங்கள். சுண்ணாம்பாற்றங்கரையில் படகு பார்க்கட்டும், வேண்டாததைக் கேள்வி கேட்கட்டும். மார்க் குறைந்தால் திட்டாதீர்கள். இதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை, பைசாவும் செலவில்லை.

மகன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். டவுனில் நல்ல கணக்கு டியூஷன் எது என்று விசாரிப்பதாக மருமகள் சொல்கிறாள். பேத்திக்கு வயது ஐந்து.