கொடுத்த வாக்கும் கொண்ட நட்பும்

நட்பு நாடு தாக்கப்பட்டால் துணை நிற்போம் என ஒப்பமிட்ட நாடு, அவ்வேளை வந்ததும் தன்னலம் கருதி ஒதுங்கலாமா? நம் மண்ணின் வரலாறே இதற்கு விடை கூறும்.

கொங்குநாடு மைசூர் ஆட்சியின்கீழ் இருந்த காலம். 1769இல் சென்னை வரை படை நடத்திச் சென்ற ஐதர் அலியுடன் ஆங்கிலக் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் விதி. சிறிது காலத்திலேயே மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தனர். ஐதர் உதவி வேண்டினார், கம்பெனி கைவிரித்தது.

அந்த மனப்புண் ஆறவில்லை. 1779இல் கம்பெனி மாஹியைக் கைப்பற்றியதும் பகை மூண்டது. 1780இல் ஐதரின் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படை அழிந்தது. ஒப்பமிட்டவர்கள் கோட்டைக்குள் இருந்தனர்; வீடும் விளைநிலமும் இழந்தவர்கள் ஏழை உழவர்களே.

பேஷ்வாவுக்குரிய கப்பத்தை ஐதர் நிறுத்தியதே மராத்தியர் படையெடுப்புக்குக் காரணம் என்று கம்பெனிக்காகச் சிலர் வாதிடலாம். நண்பனின் அத்துமீறலுக்குத் துணைபோக வேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆயின் அவ்வரம்பை ஒப்பமிடும்போதே வரைந்திருத்தல் வேண்டும். 1971இல் இந்தியாவும் சோவியத் நாடும் செய்த உடன்படிக்கை, ஆபத்து நேர்ந்தால் உடனே கலந்து ஆலோசிப்பதாக அளந்தே பேசியது. அளந்து கொடுத்த வாக்கே காக்கத்தக்கது.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டே திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. குறித்த நாளில் சரக்கு அனுப்பத் தவறியவரை மறுமுறை எவரும் நம்பார் என்பதைத் திருப்பூர் நன்கறியும். நாடுகளுக்கும் அதுவே நியதி. இயலாததை வாக்களியாதிருப்போம், வாக்களித்தபின் வழுவாதிருப்போம்.