நுழைதலும் நிலைத்தலும்

விதை முளைத்தல் வேறு. பயிர் விளைதல் வேறு. முளை கண்ட மகிழ்ச்சியோடு வீடு திரும்பி உறங்கிவிடும் உழவனுக்குக் களம் நிறைவதில்லை. நீர் பாய்ச்சுதலும், களை எடுத்தலும், வேலி காத்தலும் முளைத்த பின்னரே தொடங்கும் பணிகளாம். பெண்மக்கள் தொழில்நுட்பத் துறையில் நுழைதலும், அதன்கண் நிலைத்து உயர்தலும் இவ்வாறே இருவேறு செயல்கள். நுழைதலைக் கண்டு மகிழ்வோர் இன்று பலர். நிலைத்தலுக்கு வேண்டுவன யாவை என எண்ணுவோர் சிலரே.

இவ்வுண்மையை விளக்க, லலிதா என்னும் அம்மையாரின் வரலாறு ஒன்றே போதும். இவர் 1919ஆம் ஆண்டு சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் மணம் நிகழ்ந்தது. பதினெட்டாம் வயதில், கைக்குழந்தை நான்கு திங்கள் நிரம்பிய நிலையில், கணவரை இழந்தார். கைம்பெண்ணை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தலையே வழக்கமாகக் கொண்டிருந்த காலம் அது. லலிதாவோ மூலையை நாடவில்லை, கல்வியை நாடினார். மருத்துவம் பயிலலாமே என்னும் எண்ணமும் எழுந்தது. ஆயினும், நள்ளிரவிலும் அழைப்பு வரும் அத்தொழில் தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்கும் எனக் கருதிப் பொறியியலைத் தேர்ந்தார்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியில் அதுகாறும் பெண்கள் பயின்றதில்லை. லலிதாவின் தந்தையார் சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியற் பேராசிரியராக விளங்கியவர். அவர் மகளுக்காகப் பரிந்து பேசினார்; முதல்வர் சாக்கோ இசைந்தார். 1940இல் லலிதா அங்கே சேர்ந்தார். பின்னர் லீலாம்மா, திரேசியா என்னும் இருவரும் சேரவே, தனிமை நீங்கியது. பட்டச் சான்றிதழ்களில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தமையின், அதனை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று! பெண்ணொருத்தி அவ்வழியே வருவாள் என எவரும் எதிர்பார்த்திலர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இந்நாட்டின் முதற் பெண் மின்பொறியாளர் எனப் போற்றப்படும் லலிதா, சிம்லாவில் அரசுப் பணி புரிந்தார். பின்னர்க் கல்கத்தாவில் ஒரு பெரிய மின்பொறி நிறுவனத்தில் அமர்ந்தார். மின்கடத்துக் கம்பித் தொடர்களையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைப்பது அவர் பணியாயிற்று. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு கொண்டார். 1964இல் நியூயார்க்கு நகரில் கூடிய முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிற்கும் சென்று வந்தார். உடன் பயின்ற திரேசியா கேரளத்தில் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

லலிதா நிலைத்து நின்றது எதனால்? அறிவும் உழைப்பும் அவருடையன, ஐயமில்லை. ஆயினும், கல்லூரிக் கதவைத் திறப்பிக்கத் தந்தை இருந்தார். திறந்துவிட முதல்வர் இருந்தார். கல்கத்தாவில் அவர் பணிக்குச் சென்ற பொழுதுகளில் குழந்தையைத் தம் குழந்தைபோற் பேண உடன்பிறந்தார் குடும்பம் இருந்தது. இம்மூன்றனுள் ஒன்று குறைந்திருப்பினும் அவர் வாழ்வு எவ்வாறு முடிந்திருக்கும்? அவரைப் போன்றே அறிவு படைத்தும், இத்துணைகள் வாய்க்காமையால் பெயர் தெரியாது மறைந்தோர் எத்தனை பேரோ! ஒரு பெண்ணின் ஆற்றல் பயன்படுதலை நற்பேற்றின் கையில் விட்டுவிடுதல் அறிவுடைமை ஆகாது. நல்ல உறவினர் சிலர்க்குச் செய்ததனை, நல்ல அமைப்புகள் எல்லார்க்கும் செய்தல் வேண்டும்.

அது இயலும் என்பதற்கு இங்கிலாந்திலே ஒரு சான்று உண்டு. 1962இல் ஸ்டெபனி ஷெர்லி என்னும் அம்மையார் கணிப்பொறி நிரல் எழுதும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். மணத்தாலும் மகப்பேற்றாலும் வேலையை விட்டு வீட்டிலிருந்த கற்ற பெண்டிரையே பெரிதும் பணிக்கு அமர்த்தினார். அவர்கள் தத்தம் இல்லத்திலிருந்தே எழுத வழி வகுத்தார். பெண் பெயரில் எழுதிய மடல்களுக்கு மறுமொழி வாராமையால், 'ஸ்டீவ்' என்னும் ஆண் பெயரில் அவர் கையெழுத்திட்டதும் உண்டு. ஒலியினும் விரைந்து பறந்த கன்கார்டு வானூர்தியின் பறப்புப் பதிவுக் கருவிக்குரிய நிரலும் அம்மகளிரின் கைவண்ணமே. பயனற்றோர் எனப் பிறர் கைவிட்டவர்களைக் கொண்டே அம்மையார் பெரும்பணி முடித்தார். குறை பெண்களிடத்தன்று, வேலையை அமைத்த முறையிடத்தே என்பது இதனாற் புலனாகும்.

"சலுகை தந்தால் தகுதி தாழுமே" என்பாரும் உளர். முல்லைக்குக் கொழுகொம்பு நட்டால், பூவின் மணம் குறையுமோ? கொம்பு பூப்பதில்லை, பூப்பது கொடியே. தேர்வில் மதிப்பெண்ணைக் கூட்டித் தருக என எவரும் கேட்டிலர். மகப்பேற்று விடுப்புக்குப் பின் மீண்டு வருவோர்க்கு இடையில் வந்த புதுமைகளைக் கற்பித்தலும், ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியமும், உயர்பதவிக்கு ஒத்த வாய்ப்பும் சலுகைகள் அல்ல, முறைமைகள். பொதுப்பணம் செலவிட்டுக் கற்பித்த ஒருவரை இடைவழியில் இழத்தல் நாட்டிற்கே இழப்பன்றோ?

அரசு சில செய்துள்ளது. 12 வாரமாக இருந்த மகப்பேற்று விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்த்தப்பெற்றது. ஐம்பதின்மரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. இவை போற்றத்தக்கன. எனினும், சட்டம் அடுக்களைக்குள் வந்து அடுப்பு மூட்டுவதில்லை. அண்ணன் படிக்கத் தங்கை பாத்திரம் துலக்கும் வீட்டில், எச்சட்டமும் பாதி வழியே செல்லும்.

ஆதலின், மாணவர்களே, இப்பணி உங்கள் இல்லத்திலேயே தொடங்குவதாகுக. உண்ட கலத்தைத் தானே கழுவி வைக்கும் சிறுவன், நாளைத் தன் மனைவியின் பணிச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும் கணவனாவான். தன்கீழ்ப் பணிபுரியும் தாயொருத்தியின் அருமை உணர்ந்த தலைவனும் ஆவான். மாணவியரே, பிறர் திறந்த கதவின்வழி நுழைவோர், பின்வருவோர்க்காக அதனைத் திறந்தே வைத்தல் கடன். பொறியியற் கல்லூரிகளின் வாயிலில் இன்று பெண்மக்கள் கூட்டமாக நிற்கின்றனர். முளை செழித்துவிட்டது. இனி நீர் பாய்ச்சுவோர் வேண்டும். அந்நீர் எல்லார் கையிலும் இருக்கின்றது.