பூட்டுச் செய்தவன் பொறுப்பு

பொருளைச் செய்து விற்பவன் அப்பொருளின் குறைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்பது வாணிக அறம். பாலில் கலப்படம் இருந்தால் விற்றவனைக் கேட்கின்றோம். புதுவீட்டுச் சுவர் இடிந்தால் கட்டியவனைக் கேட்கின்றோம். மென்பொருளுக்கு மட்டும் இவ்வறம் பொருந்தாதோ?

மென்பொருளைப் பெறும்போது நாம் படித்துப் பாராமலே இசைவளிக்கும் ஒப்பந்தங்கள் பலவற்றில், உள்ளது உள்ளவாறே தரப்படுகிறது, இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்லோம் என்னும் கருத்தமைந்த விதி இடம்பெற்றிருக்கும். அவ்விதியின் நிழலில் செய்தவன் ஒதுங்கிக்கொள்கிறான். வாங்கியவன் வெயிலில் நிற்கிறான்.

2016ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். மிராய் என்னும் தீநிரல், இணையத்தோடு இணைந்த கண்காணிப்புக் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது. அதற்குப் பெரும் நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. தயாரிப்பாளர்கள் எண்ணற்ற கருவிகளுக்கு ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்றிருந்தனர். அத்தகைய கடவுச்சொற்கள் ஏறத்தாழ 60 கொண்ட பட்டியலே திறவுகோலாயிற்று. வசப்பட்ட கருவிகளையே படையாகக் கொண்டு, அக்டோபர் 21ஆம் நாள் டைன் என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. இணையத்தளங்களுக்கு வழிகாட்டும் அந்நிறுவனம் நிலைகுலையவே, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலரால் மணிக்கணக்கில் அணுக இயலவில்லை. மிராயை உருவாக்கிய இளைஞர் மூவர் 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். கள்வனைச் சட்டம் பிடித்தது. உடையும் பூட்டை விற்றவனை யார் கேட்பது?

கடவுச்சொல்லை மாற்றாதது வாங்கியவர் குற்றமே என்பர் சிலர். சில கருவிகளில் அச்சொல் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் மாற்ற வழியே இல்லை. ஊரார் வீடுகளுக்கெல்லாம் ஒரே சாவியால் திறக்கும் பூட்டை விற்றுவிட்டு, களவு போனபின் வீட்டுக்காரரைக் கடிந்துகொள்வது எவ்வூர் நீதி?

பிழையே இல்லாத மென்பொருள் உலகில் இல்லை என்பது மற்றொரு வாதம். உண்மையே. எனினும், இலட்சக்கணக்கான வரிகளுள் மறைந்து கிடக்கும் பிழை வேறு. தெரிந்தே விடப்பட்ட குறை வேறு. முன்னதற்கு விரைந்து திருத்தம் தருவது கடமை. பின்னதற்கு இழப்பீடும் தருவதே முறை. ஊதியம் கருதாது நிரல் எழுதி உலகுக்கு வழங்குவோர்மீது இச்சுமையை ஏற்ற வேண்டுவதில்லை. விற்றுப் பொருளீட்டுவோரே இதனைச் சுமத்தல் வேண்டும்.

சட்டம் மெல்லக் கண்விழிக்கத் தொடங்கியுள்ளது. சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரௌட்டர்களுக்கு 2021ஆம் ஆண்டிலேயே அடிப்படைப் பாதுகாப்பு விதி கட்டாயமாயிற்று. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இடுவதை 2024 ஏப்ரலில் பிரிட்டன் தடைசெய்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், மென்பொருளும் ஒரு பொருளே எனக் கொண்டு, அதன் குறையால் தீங்குற்றோர் இழப்பீடு கோர வழிவகுத்தது. இவை தொடக்கமே, முடிவல்ல.

ஆசிரியப் பெருமக்களே! கடவுச்சொல்லைக் காத்துக்கொள் என மாணவச் செல்வங்களுக்குக் கற்பிக்கின்றோம், நன்று. பூட்டுச் செய்தவனைக் கேள்வி கேட்கவும் கற்பிப்போமாக!