தீவக மானியம் மழைநீரில் தொடங்கட்டும்

யாழ்ப்பாணத் தீவகத்துக்கு விவசாய மானியம் என்று வருவது வழக்கமாகக் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரு பொருளாகவே வருகிறது: விதை, மரக்கன்று, மருந்து தெளிகருவி, நீர்ப்பம்பி. இவை எதுவும் வேண்டாதவை அல்ல. ஆனால் வேலணையிலும் புங்குடுதீவிலும் அனலைதீவிலும் நெடுந்தீவிலும் பயிர் செய்பவருக்கு முதல் தட்டுப்பாடு நன்னீர்தான். ஆகவே இத்தீவுகளின் விவசாயத்துக்கு ஒதுக்கும் பணம், அரசு கொடுத்தாலும் வெளிநாடு கொடுத்தாலும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கொடுத்தாலும், முதலில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கித் தேக்கும் வேலைக்கே போக வேண்டும். நீரை வெளியே எடுக்கும் கருவிக்கு அதன் பிறகுதான் இடம். இந்த வரிசை மாறினால், நல்ல மனத்தோடு கொடுத்த காசே தோட்டக் காணியை உவராக்கிவிடும்.

காரணம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. தீவகத்தில் ஆறு கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டின் பெருவரவு. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியில் நிற்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு ஒன்று உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும். அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேல்மட்டம் ஓரடி இறங்கினால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து பல அடி ஏறும். வெடிப்பு நிறைந்த பாறையில் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும் திசை மாறாது. துலாவால் இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. ஊறும் வேகத்தை மீறி இறைக்க முடியவில்லை. மோட்டருக்குக் களைப்பு இல்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணற்றின் விளைவை வெங்காயப் பாத்தியில் கண்ணால் பார்க்கலாம்: தாளின் நுனி காய்ந்து பழுப்பேறும், வரம்போரம் ஈரம் உலர்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தப் பாத்தியில் எந்த உயர்ந்த விதையை நட்டும் பயனில்லை.

இதனால்தான் ‘பசுமை’ என்ற பெயரோடு வரும் உதவியையும் நிறுத்தி நிதானித்துப் பார்க்கச் சொல்கிறேன். சூரியசக்திப் பம்பியைப் பொருத்தியபின் எரிபொருட் செலவு இல்லை. செலவு இல்லாததால் நிறுத்தவும் மனம் வராது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் அமையும் திட்டம் அது. டீசலை நம்பியிருந்த தீவுகளுக்கு அது தேவையான உதவி, வரவேற்க வேண்டியது. ஆனால் தடையில்லா மின்சாரம் வரும் இடத்துக்கு மோட்டரும் வரும். மின்சாரத்துக்குத் திட்டம் போட்டவர்கள் கிணற்றுக்கும் சேர்த்துத் திட்டம் போடாவிட்டால், ஒரு நன்கொடை இன்னொரு நட்டத்துக்கு வழி திறந்துவிடும்.

அப்படியானால் பணம் எதற்குப் போக வேண்டும்? தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் வாரி ஆழமாக்க; குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்களைத் திறக்க; வயல் வரம்புகளை உயர்த்தி மழையை அங்கேயே நிறுத்த; கடல்நீர் உள்ளே ஏறும் தாழ்நிலங்களில் உவர்த் தடுப்பணைகளைப் பழுதுபார்க்க; பனையையும் கரையோர மரங்களையும் காக்க. அடுத்த இடம் மண்ணுக்கு. பனையோலையையும் பூவரசங்குழையையும் தாழ்த்து, மாட்டெருவிட்டு மண்ணைக் கட்டிய வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இறைப்பும் குறையும். இரசாயன உரம் மிஞ்சினால் அது கிணற்றுக்குள் இறங்கும்: குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கான வரம்பைத் தாண்டியதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. தீவகத்தின் மெல்லிய நீர்ப்படலம் அந்தச் சுமையைத் தாங்காது. ஆனால் குழைப் பசளைக்கு மாறச் சொல்பவர் அதற்கான கூலியையும், விளைச்சல் குறையும் முதல் சில போகங்களின் இழப்பையும் ஏற்க வேண்டும். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்து, நவம்பரில் அதே முடிவைத் திரும்பப் பெற்ற அரசு நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுதான். மாற்றத்தின் செலவை விவசாயியின் தலையில் மட்டும் போட்டால் மாற்றமும் நிற்காது, விளைச்சலும் நிற்காது.

பணம் வரும் காலமும் முக்கியம். இலங்கையின் நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. குளம் வார ஏற்ற காலமோ ஆனி தொடக்கம் ஆவணி வரையான கோடை. அனுமதியும் கேள்விப்பத்திரமும் தாமதித்துப் பணம் ஐப்பசியில் கைக்கு வந்தால் குளத்தில் தண்ணீர் நிற்கும். ஆண்டு முடிவதற்குள் செலவுக் கணக்குக் காட்ட, மழைக்குள் செய்யக்கூடிய ஏதோ ஒன்றுக்கு அது திரும்பும். ஆகவே தீவக மானியம் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டு, வேலைப்பணம் வைகாசிக்குள் விடுவிக்கப்பட வேண்டும். அதைப் பெறும் கையாகக் கமக்காரர் அமைப்புகள் இருக்கலாம். சமூக அமைப்புகளுக்கே நேரடியாகச் சிறு தொகை கொடுக்கும் முறை புதிதும் அல்ல. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992 முதல் அப்படித்தான் இயங்குகிறது. காணி உறுதியைக் கட்டாயமாகக் கேட்பதையும் தளர்த்த வேண்டும். தீவகத்தில் உரித்தாளர் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். உறுதி அவர்களிடம், மண்வெட்டி இங்குள்ளவரிடம் என்றால், உறுதியோடு கட்டிய மானியம் பயிர் செய்பவருக்குக் கிட்டாது.

போரும் இடப்பெயர்வும் வெறுமையாக்கிய தீவுகளில் எஞ்சிய சில ஆயிரம் பேருக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் உண்டு. தலைக்கணக்கு ஒன்றே அளவுகோலானால் எந்தத் தீவுக்கும் எதுவும் கிடைக்காது. குறிகட்டுவானில் ஏற்றி நெடுந்தீவில் இறக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் கூடுதல் கூலி விழுகிறது. அங்கு விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுவர மீண்டும் அதே கூலி. இந்தச் சுமையை ஏற்றுக்கொண்டுதான் ஐரோப்பிய ஒன்றியம் கிரேக்கத்தின் சிறிய ஏஜியன் தீவுகளின் விவசாயத்துக்கென 2013இல் தனி ஒழுங்குவிதியையே இயற்றியது. கடல்நீரைச் சுத்திகரித்தால் போதுமே என்பது இன்னொரு வாதம். குடிநீருக்கு அது உதவும். அதன் விலையில் வெங்காயத்துக்கு இறைக்க முடியாது. மானியம் மக்களைக் கையேந்த வைக்கும், கடனாகக் கொடுங்கள் என்பவர்களின் கவலையில் நியாயம் உண்டு. பம்பியைக் கடனில் வாங்கலாம், அதன் பயன் வாங்கியவருக்கே. ஆனால் ஒருவர் வாரிய குளம் ஊரின் கிணறுகளுக்கெல்லாம் ஊற்றுக் கொடுக்கிறது. பயன் ஊருக்கும் கடன் ஒருவருக்கும் என்றால் எவரும் முன்வர மாட்டார். பொதுப்பணத்தின் இடம் இங்கேதான்.

ஊழலும் வீண்செலவும் பற்றிய அச்சத்துக்கு விடை, எளிதில் மறைக்க முடியாத ஓர் அளவு. எத்தனை பேருக்கு எத்தனை பம்பி கொடுத்தோம் என்று எழுதுவதை விட்டு, திட்டப் பகுதியின் கிணறுகளில் ஆண்டுதோறும் கோடை முடிவில் உப்பின் அளவை எடுத்து, கமநல சேவை நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஊர் பார்க்க எழுதட்டும். மின்கடத்துதிறன் பார்க்கும் சிறிய கருவியும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் அதற்குப் போதும். மழை குறைந்த ஆண்டில் உப்பு ஏறலாம் என்பதால் மழையளவையும் அருகில் எழுத வேண்டும். ஐந்து ஆண்டின் முடிவில் உப்புக் குறைந்த ஊருக்கு அடுத்த கட்டமாகச் சிக்கன நீர்ப்பாசனக் கருவிகள் கொடுக்கலாம். ஏறிய ஊரில் புதிய பம்பிகளை நிறுத்திவைத்துத் தேக்கும் வேலையைத் தொடரலாம். நன்கொடை தருபவர்கள் இந்த ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதட்டும். பெறுபவர்களும் அதைக் கேட்டு வாங்கட்டும்.