பொகை யாருது, நெஞ்சு யாருது?

காற்றுக்குச் சாதியில்லை என்று மேடைகளில் சொல்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பொகைக்கு விலாசம் உண்டு. அது எங்கே எழும்பணும், யார் நெஞ்சில் தங்கணும் என்பதை நிலமும் பணமும் சாதியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கூடுவாஞ்சேரியைப் பாருங்கள். நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சியானது. 2023 டிசம்பர் 30இல் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். வயலாக இருந்த பூமி மனையாகி, அடுக்குமாடியாகிவிட்டது. நான் வங்கிக் குமாஸ்தா. வீட்டுக்கடன் மனு வந்த மேசைக்கே பின்னாடி கார் கடன் மனுவும் வருகிறது. வசதியாக வாழ்கிறவர்கள்மேல் எனக்குக் காழ்ப்பில்லை. நம்ம பிள்ளைகளும் அப்படி வாழணும் என்றுதானே பாடுபடுகிறோம்? அந்த வசதியின் பொகை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஏ.சி. ஓடும் அறையில் பொகை இல்லை. அதற்கான நிலக்கரி வல்லூரிலும் அத்திப்பட்டிலும் எரிகிறது. இருமுவது எண்ணூர்க் குப்பத்துச் சனம். சுவருக்கான செங்கல் சூளையில் வேகிறது, தளத்துக்கான ஜல்லி கிரஷரில் உடைகிறது. அந்தப் பொகையையும் தூசியையும் தின்பவர்கள் இருளரும், நம்ம சனமும், ஒடிசாவிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களும். சென்னை தூக்கியெறிந்த குப்பை 2022 ஏப்ரலில் பெருங்குடியில் நாள்கணக்கில் எரிந்தது. குப்பையை அள்ளுகிறவர்கள் யார், கிளறிப் பிழைக்கிறவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

2021இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. காற்று மாசுக்கு ஒருவர் கொடுத்த பங்கையும் அதனால் அவருக்கு நேரும் சாவு அபாயத்தையும் ஒப்பிட்டால், இந்தியாவின் அடிமட்டப் பத்து சதவீதத்தினர் சுமப்பது மேல்மட்டப் பத்து சதவீதத்தினரைப் போல ஒன்பது மடங்கு. நம்ம மூச்சு பட்டாலே தீட்டு என்றவர்களின் பொகையைத்தான் நாம் மூச்சாக இழுக்கிறோம்.

ஆனால் கூண்டில் நிற்பது யார்? விறகடுப்பு ஊதும் நம்ம ஆயா. அடுப்புப் பொகை கொல்கிறது, பொய்யில்லை. 2016இல் உஜ்வாலா என்று இணைப்பு கொடுத்தார்கள். காலியான சிலிண்டரை மறுபடி நிரப்பக் கூலிக்காரி எங்கே போவாள்?

இது செங்கல்பட்டு மண். 1891இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமசும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிலம் நம்ம கையில் நின்றிருந்தால் நகரம் வளரும்போது நமக்கும் பங்கு வந்திருக்கும். இப்போது நம்ம பங்குக்கு வருவது லாரித் தூசி.

அரசு என்ன செய்கிறது? ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய அரசின் வரம்பு 40. அனல் மின் நிலையங்கள் கந்தகப் பொகையைக் கட்டுப்படுத்தணும் என்று 2015இல் போட்ட விதியை வருஷா வருஷம் தள்ளிப்போட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

1927இல் மகாடு குளத்தில் அண்ணல் இறங்கி நீரள்ளியது, பொதுவானது பொதுதான் என்று நிலைநாட்ட. காற்றும் அப்படியொரு குளம். இதற்கு வேலி போட முடியாததால் அழுக்கை மட்டும் நம்ம பக்கம் திருப்பிவிட்டார்கள்.

காற்றை அளக்கும் கருவியைச் சேரியிலும், சூளை ஓரத்திலும், குப்பைமேட்டிலும் வை என்று கேட்போம். சூளை, கிரஷர் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனையும் நஷ்டஈடும் கேட்போம். குப்பையைப் போட்டவரே பிரிக்கட்டும். மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் வரைபடத்தை எடுங்கள். சேரி எங்கே, சூளை எங்கே, குப்பை எரியும் இடம் எங்கே என்று குறியுங்கள். அந்த வரைபடத்தோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.