காரை இறக்கினால் செலவு ஏறும்! நம்ம ஊர் ரோட்டுக்கு தாங்குமா 'லோயரிங்'?

விருதுநகர்:

சக்கரம் பாதி உள்ளே போய், தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் கார்களுக்கு இளவட்டங்கள் மத்தியில் தனி மவுசு. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, 'நம்ம வண்டியையும் ரெண்டு இஞ்ச் இறக்கிப்புடணும்' என்ற ஆசை விருதுநகர், சிவகாசி பக்கமும் எட்டிப் பார்க்கிறது. ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் அந்த ரெண்டு இஞ்சுக்கு கடைசியில் காசு கொடுப்பது யார் என்று பார்த்தால், பல நேரம் அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கும் ஏழை பாழைதான்.

இறக்குவது எப்படி?

கம்பெனி ஸ்பிரிங்கை கழற்றிவிட்டு, அதைவிட குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போடுவார்கள். அதற்கு தோதான ஷாக் அப்சர்பரும் மாட்டி, வீல் அலைன்மென்டும் பார்த்தால்தான் வேலை முழுசு. கார் 3 அல்லது 4 செ.மீ. இறங்கும். வளைவில் சாயாமல் கப்பென்று பிடித்து திரும்பும்.

ரேஸ் கார்களை இதற்காகத்தான் இறக்குகிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் பள்ளமும் இல்லை, ஸ்பீடு பிரேக்கரும் இல்லை. ஆடு, மாடு குறுக்கே வராது. நம்ம ஊர் கதை அப்படியா?

கரிசல் காட்டு ரோடு

விருதுநகர் மாவட்டத்தில் கரிசல் மண் அதிகம். மழை பெய்தால் இந்த மண் ஊதும். வெயில் அடித்தால் சுருங்கி பாளம் பாளமாக வெடிக்கும். மேலே போட்ட தார் ரோடும் கூடவே ஏறி இறங்கி அலை அலையாகிவிடும். நான்கு வழிச்சாலையை விட்டு இறங்கி சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை பக்கம் கிராமத்து ரோட்டில் போனவர்களுக்கு இதை சொல்லி தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். இந்தியன் ரோடு காங்கிரஸ் விதிப்படி அதன் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். அப்படி அகலமாக, சரிவாக போட்டிருந்தால் இறக்கிய காரும் தப்பித்துவிடும். தெருவுக்கு தெரு இருப்பதோ ஒரு முழ அகலத்தில் திண்டு மாதிரி கட்டி வைத்த மேடு! முன் சக்கரம் தாண்டியதும் அந்த திண்டு முழுசாக வண்டியின் வயிற்றுக்கு அடியில் நிற்கும்.

கணக்கு போட்டு பாருங்கள். சின்ன கார்களுக்கு தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய 16, 17 செ.மீ. நாலு செ.மீ. இறக்கினால் மிச்சம் 12, 13. அஞ்சு பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் இன்னும் அமுங்கும். பத்து செ.மீ. திண்டில் ஆயில் சம்ப்போ, சைலன்சரோ அடி வாங்காமல் போனால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

வெட்டினால் வினை

நல்ல செட் வாங்க பல ஆயிரம் வேண்டும். அதனால் குறுக்கு வழி தேடுகிறார்கள். இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுவது, அல்லது கேஸ் வைத்து சூடேற்றி அமுக்குவது. ஆபத்தே இங்கேதான்.

ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 சதவீதம் விறைப்பாகிவிடும். சூடேற்றினால் இரும்பின் முறுக்கே போய்விடும். வெட்டிய ஸ்பிரிங், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு. பழைய ஷாக்கோ ஏற்கனவே பாதி அமுங்கிய நிலையில் வேலை பார்ப்பதால், குழி வந்தால் அடி ரப்பரில் 'டொக்' என்று போய் இடிக்கும். கொஞ்ச நாளில் சீல் கிழிந்து ஆயில் கசியும். அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டையாகும்.

லோடு வண்டிக்காரர் எடை தாங்க எக்ஸ்ட்ரா பட்டை போடுகிறார். கார்க்காரர் இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டுகிறார். ரெண்டு வண்டியும் ஓடுவது ஒரே ரோட்டில்தான்!

டிக்கியில் பட்டாசு இருந்தால்?

தீபாவளி நெருங்கினால் சிவகாசிக்கு வெளியூர் கார்கள் படையெடுக்கும். குடும்பம் முன்னால், பட்டாசு பெட்டி பின்னால். பின்பக்கம் அமுங்க அமுங்க, இறக்கிய காரில் டயர் மட்கார்டில் தேயும். சைலன்சர் ரோட்டில் உரசினால் பொறி பறக்கும். பட்டாசு ஆலையில் உராய்வுக்கு பயந்து ரப்பர் விரிப்பு போட்டு, இரும்பு படாமல் வேலை பார்க்கும் ஊர் இது. உரசல் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க தேவையில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

ஆர்.சி. விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. சின்ன சின்ன பொருத்தல் வேலைகளை கோர்ட்டு தடுக்கவில்லை. அதே ஆண்டு வந்த சட்ட திருத்தத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும்.

'ஆர்.சி.யில் உயரத்துக்கு கட்டமே இல்லையே, ஸ்பிரிங் சின்ன வேலைதானே' என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் விபத்து நடந்த பிறகு, மாற்றத்தை சொல்லாமல் விட்டதற்காக இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமில் கை வைத்தால், அந்த வாதம் ஒர்க்ஷாப் பில்லை கட்டாது.

வாங்குபவர்கள் உஷார்!

சொந்த போர்டு காருக்கு 15 வருஷம் வரை எஃப்.சி. கிடையாது. அதனால் ஸ்பிரிங் வெட்டிய வண்டி யார் கண்ணிலும் படாமல் கைமாறிவிடும். கடன் வாங்கி பழைய கார் எடுப்பவர்கள் இதையெல்லாம் பாருங்கள்:

* டயரின் உள்பக்கத்தை கையால் தடவி பாருங்கள். அங்கே மட்டும் வழவழ என்றிருந்தால் சந்தேகம்தான்.

* ஸ்பிரிங் முனையில் வெட்டிய தடம், சூடு பட்ட கறுப்பு இருக்கிறதா?

* ஷாக்கில் ஆயில் வழிகிறதா? சம்ப், சைலன்சர் அடியில் கீறல் இருக்கிறதா?

* நாலு பேர் ஏறி ஸ்பீடு பிரேக்கரில் ஓட்டி பாருங்கள். 'டொக்' சத்தம் கேட்டால் விலையை பேசாதீர்கள், இறங்கிவிடுங்கள்.

* குட்டை ஸ்பிரிங் என்று தெரிந்தே வாங்குவதானால் கம்பெனி ஸ்பிரிங் செட்டை கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் நாலு ஸ்பிரிங், நாலு ஷாக் விலையை குறைத்து பேசுங்கள்.

இறக்கியே தீருவேன் என்பவர்களும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கில் வெல்டிங் பட்டறை ரம்பத்தை வைக்காதீர்கள். வெட்டிய சுற்றை திரும்ப ஒட்ட முடியாது.