நம் படத்தை நாமே எடுப்போம்!

தோழர்களே! மிராசுதார் வீட்டுக் கூடத்தில் நான்கு தலைமுறைப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. உழைப்பாளி வீட்டிலோ பாட்டன் முகம்கூடப் பேரனுக்குத் தெரியாது. நிலமும் அவர்களிடம், படமும் அவர்களிடம்!

யாராவது நம்மைப் படமெடுத்தால் போதுமா? போதாது. 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிபோமோ என்னுமிடத்தில், பனியில் பட்டாணிப் பயிர் கருகி, கூலிக்காரர்கள் வேலையின்றித் தவித்தார்கள். அங்கே ஒரு தாயைக் குழந்தைகளோடு சர்க்காருக்காகப் படமெடுத்தார் டொரோதியா லாங்கே. படம் உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை! ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் வெளியே தெரிந்தது 1978-ல்தான். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார் அந்தத் தாய்.

ஆகவே நாமே எடுப்போம். இன்று நம்மில் பலரிடம் கைபேசி இருக்கிறது. மாளிகை வரைந்த ஸ்டூடியோத் திரை வேண்டாம். இரவல் கோட்டும் வேண்டாம். காலை வெயிலில் நம் வீட்டு வாசலே போதும். பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். நாற்று நடும் பெண் நடவுச் சேலையோடும், மில் தோழர் வேலை உடுப்போடும், பிள்ளைகள் புத்தகத்தோடும் நிற்கட்டும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்காகக் காத்திருங்கள், அவரில்லாமல் குடும்பமில்லை.

படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்தில் ஒவ்வொருவர் பெயரும், தொழிலும், ஊரும், தேதியும் எழுதி வையுங்கள். பெயரற்ற படம் பிறர் இரக்கத்துக்கே உதவும். பெயரோடு நின்றால் அது நமது சரித்திரம்!